பெண்டில் குன்றின் பெண்கள்

நாட்டார் வழக்காற்றியல் வகுப்பின் முதல் நாளில் மாணவிகளிடம் ஒன்றைச் சொல்வது என் வழக்கம். ஒரு பாட்டையோ கதையையோ அச்சில் பார்த்தால், சொன்னவள் யார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொண்டவர் யார், எதற்காக எழுதிக்கொண்டார் என்றும் கேளுங்கள். பல வருடங்களாக இதைச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியின் முழு கனத்தை நான் உணர்ந்தது ஒரு நாட்டுப்புறப் பாடல் தொகுப்பை வாசித்தபோது அல்ல. 1613இல் லண்டனில் அச்சான ஒரு வழக்குப் பதிவை வாசித்தபோதுதான். அதை எழுதியவர் தாமஸ் பாட்ஸ் என்னும் நீதிமன்ற எழுத்தர். இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் மாவட்டத்தில் 1612 ஆகஸ்டில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றியது அது.

லங்காஷயரின் கிழக்கு எல்லையில் பெண்டில் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 557 மீட்டர். மலை என்று சொல்லும் அளவுக்கு உயரமில்லை. ஆனாலும் சுற்று வட்டாரம் முழுவதற்கும் அதுதான் அடையாளம். அந்தப் பெயரின் வரலாறு சுவையானது. ஆங்கிலேயர் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் மொழியில் ‘பென்’ என்றால் குன்று. பின்னால் வந்தவர்கள் அதைப் பெயர் என்று நினைத்துத் தங்கள் மொழியில் குன்று என்னும் சொல்லை ஒட்டவைத்தார்கள். அந்த ஒட்டும் தேய்ந்து ‘பெண்டில்’ ஆனபிறகு, இன்னொரு முறை ‘ஹில்’ சேர்ந்தது. நாம் ‘கேட்டுக் கதவு’ என்று சொல்வதுபோல, குன்றுக்குன்றுக்குன்று. ஒரே இடத்தில் வாழ்ந்த மூன்று தலைமுறை மொழிகள் அந்தப் பெயருக்குள் படிந்திருக்கின்றன. ஆனால் இன்று அந்தக் குன்றின் பெயரைச் சொன்னால் இங்கிலாந்தில் யாருக்கும் மொழி வரலாறு நினைவுக்கு வராது. சூனியக்காரிகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

‘சூனியக்காரி’ என்ற சொல்லை நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். அந்தச் சொல்லிலேயே தீர்ப்பு இருக்கிறது. மந்திரிப்பவள், பார்வை பார்ப்பவள், கயிறு கட்டுபவள், குறி சொல்பவள் என்று நம்மிடம் பல சொற்கள் உண்டு. அவை அனைத்தும் தொழிலைச் சொல்பவை. பெண்டில் பெண்களில் முக்கியமான இருவர் இத்தகைய தொழில் செய்தவர்களே. ஒருவர் எலிசபெத் சதர்ன்ஸ். ஊரார் வைத்த பெயர் ‘டெம்டைக்’. வயது எண்பதை ஒட்டி; பார்வை போய்விட்டது. மற்றொருவர் ஆன் விட்டில். ஊரார் வைத்த பெயர் ‘சாட்டாக்ஸ்’. அவரும் ஏறக்குறைய அதே வயதினர்; பார்வை மங்கியவர். இருவரும் மாட்டுக்கு நோய் என்றால் மந்திரித்தார்கள், பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் ஜெபம் சொன்னார்கள், எதுவும் கிடைக்காத நாளில் பிச்சை எடுத்தார்கள். இரு குடும்பங்களுக்கும் இடையே பகை இருந்தது. டெம்டைக்கின் மருமகன் ஜான் டிவைஸ், தன் குடும்பத்துக்குத் தீங்கு வராமலிருக்க ஆண்டுதோறும் ஓர் அளவு ஓட்ஸ் மாவை சாட்டாக்ஸுக்குக் கொடுத்து வந்தார் என்று பதிவு சொல்கிறது. கொடுக்கத் தவறிய ஆண்டில் அவர் இறந்துபோனார் என்றும் சொல்கிறது. அச்சத்தைக்கூட மாவால் அளக்க வேண்டியிருந்த வறுமை அது.

வழக்கு தொடங்கியது ஒரு குண்டூசியில். 1612 மார்ச்சில், டெம்டைக்கின் பேத்தி அலிசன் டிவைஸ், கோல்ன் என்னும் ஊர்ப் பக்கம் போகும் வழியில் ஜான் லா என்ற தலைச்சுமை வியாபாரியைச் சந்தித்துக் குண்டூசி கேட்டாள். அக்காலத்தில் குண்டூசி கையால் செய்யப்படுவது. விலை மலிவான பொருளல்ல. காசு கொடுத்து வாங்கத்தான் கேட்டேன், இவ்வளவு சின்ன வியாபாரத்துக்கு மூட்டையை அவிழ்க்க முடியாது என்று அவர் மறுத்தார் என்பது அவள் தரப்பு. காசில்லாமல் இரந்து கேட்டாள் என்பது வியாபாரியின் மகன் தரப்பு. எப்படியோ, கோபத்தில் அவள் ஏதோ சொன்னாள். சிறிது தூரம் போனதும் அவர் கீழே விழுந்தார். உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது, பேச்சு குழறியது. இன்றைய வாசகர் யாரும் அதைப் பக்கவாதம் என்று அடையாளம் கண்டுகொள்வார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. அலிசன் தானே அதை நம்பினாள். வியாபாரியின் முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்தார் என்று அவருடைய மகனே சாட்சி சொல்லியிருக்கிறார். பாதிக்கப்பட்டவர் மன்னித்த பிறகும் அரசு மன்னிக்கவில்லை. 1563இன் சட்டப்படி, சூனியத்தால் ஒருவரை முடமாக்கினால் முதல் குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை. முதலாம் ஜேம்ஸ் அரியணை ஏறியபின் வந்த 1604இன் சட்டம் அதற்கும் மரண தண்டனை என்று மாற்றியது. சூனியத்தைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதிய மன்னர் அவர். அலிசன் மீதிருந்த குற்றச்சாட்டு யாரையும் கொன்றதாக அல்ல; ஜான் லாவை முடமாக்கியதாக மட்டுமே. பத்து வருடம் முன்னால் இது நடந்திருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள்.

விசாரித்தவர் ரோஜர் நோவல் என்ற உள்ளூர் நீதிபதி. லங்காஷயர் அன்று லண்டனின் கண்ணுக்கு நம்பத்தகாத பகுதி; பழைய கத்தோலிக்க நம்பிக்கையை விடாதவர்கள் நிறைந்த இடம். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான், அரசுத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதவர்களின் பட்டியலைத் தயாரிக்குமாறு அங்கிருந்த நீதிபதிகளுக்கு ஆணை வந்திருந்தது. நோவல் அலிசனை விசாரித்தார். அவள் பாட்டியைக் குறிப்பிட்டாள், சாட்டாக்ஸைக் குறிப்பிட்டாள். கிழவிகள் இருவரும் பேசினார்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி சொன்னார்கள். டெம்டைக், சாட்டாக்ஸ், அலிசன், சாட்டாக்ஸின் மகள் ஆன் ரெட்ஃபெர்ன் ஆகிய நால்வரும் லங்காஸ்டர் கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. டெம்டைக்கின் வீட்டில் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடினார்கள். திருடிய ஆடு ஒன்று சமைக்கப்பட்டது. சிறையிலிருந்த தங்கள் பெண்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள்; வேறென்ன பேசுவார்கள்? பதிவில் அது சூனியக்காரிகளின் மாநாடாக மாறியது. வெடிமருந்து வைத்துக் கோட்டையைத் தகர்க்கச் சதி செய்தார்கள் என்றும் சேர்ந்துகொண்டது. நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த 1605இன் வெடிமருந்துச் சதிக்கு ஏழு வருடங்களே ஆகியிருந்தன என்பதை நினைவில் கொண்டால் இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று புரியும். அந்த வீட்டின் பெயர் மால்கின் டவர். பெயரில்தான் கோபுரம், வாழ்ந்தவர்கள் இரந்துண்டவர்கள். ‘மால்கின்’ என்பது மட்டில்டா என்ற பெண்பெயரின் செல்லச் சுருக்கமாகத் தொடங்கி, அழுக்குப் பிடித்த வேலைக்காரியைக் குறிக்கும் வசையாகித் தேய்ந்த சொல். ஒரு பெண்ணின் செல்லப்பெயர் வசையாக இறங்கும் இந்தப் பாதை நமக்கும் பழக்கமானதுதான்.

பாட்ஸின் பதிவைப் புறத்தே வாசித்தால் பிசாசும் நாய் உருவில் வரும் ஆவிகளும் களிமண் பொம்மைகளும் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு, இந்தப் பெண்களுக்கு என்ன கோபம் என்று மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு வாசிக்கச் சொல்வேன். அப்போது வேறொரு பிரதி கிடைக்கும். டெம்டைக்கின் மகள் எலிசபெத் டிவைஸ் ஒரு மாவு ஆலைக்காரரிடம் வேலை செய்தாள், கூலி தரவில்லை. கேட்கப் போன கிழவியையும் பேத்தியையும் அவர் வேசிகள், சூனியக்காரிகள் என்று வைது தன் நிலத்தை விட்டு விரட்டினார். புளித்துப்போன மதுவைச் சரிசெய்து தரும்படி ஒரு வீட்டுக்காரி சாட்டாக்ஸை அழைத்தாள். சாட்டாக்ஸ் ஜெபம் சொல்லிச் சரிசெய்தாள். பின்னர் அந்த உறவே மாட்டுக்குச் சூனியம் வைத்த குற்றச்சாட்டில் போய் முடிந்தது. தேவைப்படும்போது அழைக்கப்படும் அறிவு, தேவை தீர்ந்ததும் குற்றமாகிறது.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திவைப்பது ஆன் ரெட்ஃபெர்னின் கதை. சாட்டாக்ஸ் தன் வாக்குமூலத்தில் பல வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறாள். அவர்கள் குடியிருந்த நிலத்தின் உடைமைக் குடும்பத்து இளைஞன் ராபர்ட் நட்டர், மணமான தன் மகளிடம் வந்து அவளை அடைய விரும்பினான்; அவள் மறுத்தாள். இந்த நிலம் என் கைக்கு வந்தால் நீ இங்கே வாழ முடியாது என்று சினத்தோடு சொல்லிக் குதிரையேறிப் போனான். அவன் பிறகு நோயுற்று இறந்தான். மகளைக் காக்க அந்தத் தாய் செய்ததாகச் சொல்லப்பட்டது சூனியம். அந்த ஆண் செய்ததற்கு அந்தப் பதிவில் குற்றம் என்ற பெயரே இல்லை. அது கொலைக்கான காரணமாக மட்டும் குறிக்கப்பட்டது. ஆகஸ்ட் 18 அன்று ராபர்ட்டைக் கொன்ற வழக்கில் ஆன் விடுவிக்கப்பட்டாள். மறுநாளே ராபர்ட்டின் தந்தையைக் கொன்றதாக வேறொரு வழக்கில் நிறுத்தப்பட்டுக் குற்றவாளியானாள். கடைசிவரை அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பாலியல் மிரட்டலின் சாட்சியம் நானூறு வருடங்களைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் மிரட்டப்பட்டவளைத் தூக்கிலிடுவதற்கான ஆதாரமாக.

ஏழைகள் மட்டும் சிக்கவில்லை. ரஃப்லீயைச் சேர்ந்த ஆலிஸ் நட்டர் நிலபுலன் உள்ள விதவை. இவ்வளவு வசதியுள்ளவள் ஏன் இதைச் செய்தாள் என்று பாட்ஸே வியக்கிறார். ஆலிஸ் விளக்கம் எதுவும் சொல்லவில்லை; குற்றமற்றவள் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வட்டாரத்தில் நட்டர் என்ற குடும்பப் பெயர்கொண்ட இரு சகோதரர்கள் கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்ததற்காகவே கொல்லப்பட்டவர்கள். ஒருவர் 1600இல் அதே லங்காஸ்டரில். வழிபாட்டுக்காக அவள் பெரிய வெள்ளியன்று எங்கோ போய்க்கொண்டிருந்தாள், அதைச் சொன்னால் மற்றவர்கள் சிக்குவார்கள் என்பதால்தான் வாய் திறக்கவில்லை என்று பின்னால் வந்தவர்கள் ஊகித்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள், மாதக்கணக்கில் இருட்டறையில் கிடந்தவர்கள், நேரே நீதிபதி முன் நிறுத்தப்பட்டார்கள். விசாரணை தொடங்கும் முன்பே டெம்டைக் சிறையில் இறந்துவிட்டார். அவர் குடும்பத்தைச் சாய்க்கத் தேவையான சாட்சி வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. எலிசபெத் டிவைஸின் இளைய மகள் ஜென்னெட்டுக்கு வயது ஒன்பது இருக்கும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாட்சியம் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. சூனிய வழக்கில் மட்டும் ஏற்கலாம் என்பது மன்னர் ஜேம்ஸின் கருத்து. மகள் தனக்கெதிராகச் சாட்சி சொல்ல வருவதைக் கண்ட எலிசபெத் கதறினாள், சபித்தாள். அவளை மன்றத்திலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். உயரம் போதாத சிறுமியைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்கள். அங்கிருந்து அவள் தாயை, அண்ணனைக் காட்டிக்கொடுத்தாள். பெரிய வெள்ளியன்று வீட்டுக்கு வந்தவர்களின் பெயர்களைச் சொன்னாள். பாட்ஸ் அந்தச் சிறுமியின் அடக்கத்தை மெச்சுகிறார். அதே கையால் தாயின் முகத்தை விவரிக்கிறார்: ஒரு கண் கீழே இறங்கியிருந்ததாம், ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் பார்த்ததாம். பிறவியிலேயே அமைந்த முகம் குற்றத்தின் சாட்சியாகிவிட்டது.

1612 ஆகஸ்ட் 20 அன்று லங்காஸ்டரில் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எட்டுப் பெண்கள், இரண்டு ஆண்கள். மால்கின் டவர் கூட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட ஜென்னெட் பிரெஸ்டன் என்ற பெண் அதற்கு முந்தைய மாதமே யார்க்கில் தூக்கிலிடப்பட்டிருந்தார். சூனியக்காரிகளை எரித்தார்கள் என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்குதான்.

டிவைஸ் வீட்டில் வழங்கிய ஜெப மந்திரங்களையும் பாட்ஸ் அச்சிட்டிருக்கிறார். பெரிய வெள்ளி நோன்பு, சிலுவை, மரியாள் என்று பழைய கத்தோலிக்க வழிபாட்டின் துண்டுகள் அவற்றில் கலந்திருக்கின்றன. பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய்மொழி இலக்கியம் அது. ஒரு நாட்டார் வழக்காற்று ஆய்வாளராக எனக்கு அது பொக்கிஷம். ஒரு பெண்ணாக எனக்கு அதைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. சொன்ன பையனைக் கொன்றபிறகு கிடைத்த பாட்டு அது. 1867இல் லங்காஷயரின் நாட்டார் வழக்காறுகளைத் தொகுத்தவர்கள் ஹார்லண்ட், வில்கின்சன் என்ற இரு ஆண்கள். அதற்குமுன் 1849இல் ஐன்ஸ்வொர்த் இந்தப் பெண்களை நாவலாக்கியிருந்தார். நாவல் விற்க விற்க, ஊர் நினைவும் நாவலின் சாயலில் மாறிப்போனது.

இந்தப் பாடத்தை முடித்த ஒரு நாள் பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி கேட்டாள்: “அந்தச் சின்னப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு மேடம்?” வகுப்பில் அதுவரை எல்லோரும் தூக்கிலிடப்பட்டவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இருபத்தோரு வருடம் கழித்து, 1633இல், அதே பெண்டில் பகுதியில் எட்மண்ட் ராபின்சன் என்ற பத்து வயதுப் பையன், வேட்டைநாய் பெண்ணாக மாறியதைக் கண்டதாகக் கதை சொன்னான். மீண்டும் பலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. இம்முறை நீதிபதிகள் தயங்கி அரசருக்கு எழுதினார்கள். நான்கு பெண்கள் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த மருத்துவர் வில்லியம் ஹார்வியின் பொறுப்பில் மருத்துவர்களும் மருத்துவச்சிகளும் அவர்களின் உடலில் சூனியக் குறி தேடினார்கள். சூனியத்துக்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. பையனும் உண்மையைச் சொன்னான்: மாடுகளை ஓட்டிவரப் போனவன் விளையாடித் திரிந்துவிட்டான், அப்பாவின் அடிக்குப் பயந்து, மால்கின் டவரைப் பற்றி ஊரில் கேட்டிருந்த கதைகளை வைத்துப் புனைந்தான். அந்தப் பெண்கள் விடுதலையாகும் முன்பே அவர்களைக் கேலிசெய்யும் நாடகம் லண்டன் மேடையேறியது. பையன் பொய்யை ஒப்புக்கொண்ட பிறகும் சிறையில் உண்ட செலவைக் கட்டினால்தான் வெளியே போகலாம் என்பது விதி. 1636இல் லங்காஸ்டர் கோட்டையில் அடைபட்டிருந்தோர் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது: ஜென்னெட் டிவைஸ்.

மேசைமேல் நின்ற அதே சிறுமியாக இருக்கலாம். அதே பெயருள்ள வேறொருத்தியாகவும் இருக்கலாம். அவளேயென்றால், ஒன்பது வயதில் எந்தப் பேச்சுக்காக மெச்சப்பட்டாளோ அதே வகைப் பேச்சை இன்னொரு பிள்ளை பேச, அவள் கைதியானாள். அவள் சொல்லிக்கொடுத்த பெயர்கள்தான் ஊர்க்கதையாகி, எட்மண்டின் காதில் விழுந்து, திரும்பி வந்தன. நான் மாணவிகளுக்கு இதைச் சொன்னபோது வகுப்பு சிறிது நேரம் பேசவில்லை. “அவளைக் குற்றம் சொல்ல முடியாதுல்ல மேடம்” என்று கேட்டவளே சொன்னாள். முடியாது. ஒரு குழந்தையின் வாயில் சொல் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியவர்கள் அந்த மன்றத்தில் இருந்த பெரியவர்கள்தான்.

அந்தக் கோட்டையின் கதை இங்கே முடிந்துவிட்டால் எனக்கு அதைப் பாடமாக நடத்த மனம் வராது. 1652இல் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற போதகர் பெண்டில் குன்றின் மேலேறினார். அங்கே கண்ட காட்சிதான் குவேக்கர் இயக்கத்துக்கு வழிகாட்டியது என்பார்கள். அந்த இயக்கத்தின் தூண்களில் ஒருவர் மார்கரெட் ஃபெல், அன்றைய லங்காஷயரின் வடபகுதியில் வாழ்ந்தவர். அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததற்காக 1664இல் அவரை அதே லங்காஸ்டர் கோட்டையில் அடைத்தார்கள். நான்கு வருடம் இருந்தார். சிறைக்குள்ளிருந்தே அவர் எழுதி 1666இல் வெளிவந்த நூல், பெண்கள் சபையில் பேசுவதற்கு வேதமே உரிமை தருகிறது என்று வாதிட்டது. டெம்டைக்குக்கும் சாட்டாக்ஸுக்கும் தங்கள் சொல்லைத் தாங்களே எழுத வாய்க்கவில்லை, எழுத்தர் எழுதினார். ஐம்பது வருடம் கழித்து அதே சுவர்களுக்குள் ஒரு பெண் தன் கையாலேயே எழுதினார். ஃபெல் வசதியானவர், படித்தவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எழுத்து அப்போதும் எல்லாப் பெண்களுக்கும் வரவில்லை.

இன்று பெண்டில் பகுதியில் கூர்த்தொப்பியும் துடைப்பமும் எங்கும் தென்படுகின்றன. பேருந்து வழித்தடத்துக்கு, பீர் புட்டிக்கு எல்லாம் அவர்கள் பெயர்தான். 1998இல் இந்தப் பெண்களுக்கு மன்னிப்பு வழங்கக் கோரிய மனுவை உள்துறை அமைச்சர் ஏற்கவில்லை. தீர்ப்பு அப்படியே நிற்கிறது. நானூறாவது ஆண்டான 2012இல் ரஃப்லீயில் ஆலிஸ் நட்டருக்குச் சிலை வைத்தார்கள். கைதிகள் கொண்டுபோகப்பட்ட திசையில், பெண்டிலிலிருந்து லங்காஸ்டர் வரை ஐம்பது மைல் நடைபாதை ஒன்றும் அமைத்தார்கள். வழியில் பத்து இரும்புத் தூண்கள். ஒவ்வொன்றிலும் கவிஞர் கரோல் ஆன் டஃபியின் கவிதையிலிருந்து மூன்று வரிகள். நடுகல்லைப் பற்றிப் படித்த நமக்கு அதன் பொருள் விளங்கும்.

தூக்கிலிடப்பட்டவர்களும் பத்து, தூண்களும் பத்து. பதினொன்றாவதாக ஜென்னெட்டுக்கு ஒன்று நட வேண்டும் என்று அந்த மாணவி தன் தேர்வுத் தாளில் எழுதியிருந்தாள். கேட்ட வினாவுக்கு அது விடையில்லை. ஆனாலும் மதிப்பெண் போட்டேன்.